அரிசி, மண்ணெண்ணெய், புகை: ஹெயிட்டியில் ஒரு கமரா

ஜனவரி 29, 2019, செவ்வாய். காப்-ஹெயிசியன்

தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் போகாமல் வேண்டுமென்றேதான் வடக்குக் கரையில் இறங்கினேன். ஹெயிட்டி என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வரும் படங்கள் எல்லாம் தலைநகரில் எடுத்தவை. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஜனாதிபதி மாளிகை, கூடாரங்கள், எரியும் ரயர், கையை நீட்டும் பிள்ளை. அவை பொய்ப் படங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்தச் சனம் ஏன் வீதிக்கு இறங்குகிறது என்பது விளங்காது. எனக்கு அந்த ஏன்தான் வேண்டும். சந்தையிலும் வயலிலும் அடுப்படியிலும் அதைத் தேடிப் பார்ப்பதாக உத்தேசம். தலைநகர் பிறகு.

மொன்றியலில் எங்கள் கட்டடத்தில் பாதிக் குடும்பங்கள் ஹெயிட்டிக்காரர். பிரெஞ்சு எனக்கு வரும். ஹெயிட்டி மக்களின் மொழியான கிரியோல், அவர்களோடு படிக்கட்டில் நின்று கதைத்துக் கதைத்துப் பழகியது. இங்கே என்னோடு வருபவர் இந்த ஊர்ப் படப்பிடிப்பாளர் ஒருவர். பெயரை எழுத மாட்டேன். நான் போய்விடுவேன், அவர் இங்கே வாழ வேண்டியவர்.

இருட்டியதும் மின்சாரம் இல்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் தினமும் இதுதான். பழைய பிரெஞ்சுப் பாணி மாடி வீடுகளுக்குக் கீழே, நடைபாதையோரம், பொரித்த வாழைக்காயும் இறைச்சியும் விற்கும் பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு. பழைய தகரப்பேணியை வெட்டி, திரி போட்டுச் செய்தது. 'தெட் கிரிடாப்' என்கிறார்கள். விளக்குக்கு வெளிச்சம் அளந்தால் முகம் இருட்டில் போய்விடும். முகத்துக்கு அளந்தால் சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். நான் முகத்துக்கே அளந்தேன். ஒரு அம்மா காசை விளக்கருகே பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். தாள்கள் கிழிந்து, மடிப்புகளில் ஊத்தை ஏறி, எண் தெரியாத அளவுக்குப் பழசு. அவர் விரலால் தடவியே எந்தத் தாள் என்று பிரித்தார்.

கடந்த ஜூலை 6, உலகக் கிண்ணக் காலிறுதியில் பிரேசில் பெல்ஜியத்தோடு விளையாடிய நாள். பிரேசில் என்றால் இந்த நாடே வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் முன்னால் இருக்கும். அந்த நேரம் பார்த்து அரசாங்கம் எரிபொருள் விலையை ஏற்றியது. பெற்றோல் 38 சதவீதம், டீசல் 47, மண்ணெண்ணெய் 51. பன்னாட்டு நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டின்படி மானியத்தை வெட்டத்தான் இந்த ஏற்றம். கார்க்காரனின் பெற்றோலுக்கு 38, இந்த அம்மாவின் விளக்குக்கு 51. அடுத்த நாளே விலை உயர்வை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அதற்குள் தலைநகர் எரிந்தது, கடைகள் உடைந்தன, 14ஆம் தேதி பிரதமர் ஜாக் கீ லாஃபோந்தான் பதவி விலகினார். அன்றைக்கு எடுத்த தீயின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. இந்த விளக்கின் படம் எங்கேயும் போகவில்லை.

ஜனவரி 31, வியாழன். மிலோ

விடிய வெளிக்கிட்டு மிலோ கிராமத்துக்கு வந்தோம். முதலில் சான்-சூசி மாளிகை: கூரையில்லாத சுவர்களும் அகன்ற படிகளும். வடக்கை ஆண்ட மன்னர் ஆன்ரி கிறிஸ்தோஃப் கட்டியது. 1820இல் இங்கேதான் அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். 1842 நிலநடுக்கத்தில் மாளிகை சிதைந்தது. அதிலிருந்து கல் பாவிய பாதை மலை ஏறுகிறது. குதிரை பிடித்துக்கொண்டு இளைஞர்கள் கூடவே வருகிறார்கள். எனக்கு நடை பிடிக்கும், ஆனால் அவர்களுக்குக் கூலி வேண்டும். பாதி வழி குதிரையில் போனேன்.

மேலே, ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில், சிற்றடெல் கோட்டை. ஒரு திருப்பத்தில் சடாரென்று முழுதாகத் தெரியும்போது கமராவைத் தூக்கவே மறந்து நின்றேன். 1805இல் தொடங்கி 1820 வரை கட்டியிருக்கிறார்கள். சுவர் 40 மீற்றர் வரை நேராக எழுகிறது. உள்ளே பிரெஞ்சு, ஆங்கிலேய, ஸ்பானிய அரச முத்திரை பதித்த பீரங்கிகள், எதிரிகளிடமிருந்து பிடுங்கியவை. முற்றத்தில் இரும்புக் குண்டுகள் அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கின்றன. அடிமைகளாக இருந்தவர்கள் நெப்போலியனின் படையை 1803 நவம்பர் 18இல் வேர்த்தியேரில் தோற்கடித்து, 1804 ஜனவரி 1இல் விடுதலை அறிவித்த நாடு இது. பிரெஞ்சுக்காரன் திரும்பி வருவான் என்ற பயத்தில்தான் இவ்வளவு கல்லையும் மனிதர்கள் மலைக்குச் சுமந்தார்கள்.

அவன் வந்தான். 1825இல் பத்தாம் சார்ல்ஸ் மன்னனின் போர்க்கப்பல்கள் தலைநகருக்கு முன்னால் வந்து நின்றன. இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் நட்டஈடு 150 மில்லியன் பிராங்க், அதைக் கட்டினால்தான் உங்களை நாடாக ஏற்போம் என்றார்கள். 1838இல் 90 மில்லியனாகக் குறைத்தார்கள். முதல் தவணை கட்டவே பிரெஞ்சு வங்கிகளில் கடன் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கடனின் வால் 1947 வரை நீண்டது. விடுதலை பெற்றவர்களே தங்கள் உடலுக்கான விலையைத் தங்கள் கோப்பித் தோட்ட வருமானத்தில் கட்டினார்கள். இந்தக் கோட்டையை யாரும் ஒருபோதும் தாக்கவில்லை. தாக்கத் தேவைப்படவில்லை.

மேல்தளத்திலிருந்து கிழக்கே அடுக்கடுக்காக மலைகள். எல்லாரும் எடுக்கும் படம்தான், நானும் எடுத்தேன். பிறகு நீண்ட லென்ஸை மாட்டி அந்தச் சரிவுகளைக் கிட்டப் பார்த்தேன். நிற்கவே முடியாத சாய்வில் சோளம் நட்டிருக்கிறார்கள். அங்கங்கே மெல்லிய புகை: கரி சுடும் குழிகள். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, நாள்கணக்கில் புகைய விட்டுக் கரியாக்குகிறார்கள். நாட்டில் பெரும்பாலான அடுப்பு விறகிலும் கரியிலும்தான் எரிகிறது. மரம் போன சரிவில் மழை பெய்தால் மண் கடலுக்குப் போகும். நிலக்காட்சிப் படம் என்று நான் சட்டம் போட்டுக் காட்டப்போவது ஒரு வீட்டின் சமையல் செலவைத்தான்.

பெப்ரவரி 2, சனி. காப்-ஹெயிசியன்

நேற்று முழுக்க வானொலி ஒரே விஷயம். கணக்காய்வு உயர்மன்றம் வியாழக்கிழமை பெட்ரோகரிபே பற்றிய முதல் அறிக்கையைச் செனட்டிடம் கொடுத்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வெனிசுவேலாவில் சாவேஸ் ஆட்சியில் தொடங்கிய திட்டம் பெட்ரோகரிபே. எண்ணெய் வாங்கும் நாடு ஒரு பகுதிக் காசை உடனே கட்டினால் போதும், மிச்சத்தை 25 வருடத்தில், 1 சதவீத வட்டியில் கட்டலாம். அரசு அந்த எண்ணெயை உள்ளூரில் முழு விலைக்கு விற்கிறது. கையில் நிற்கும் காசில் வீதி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் கட்ட வேண்டும். ஹெயிட்டிக்கு இப்படிக் கிடைத்தது சுமார் 2 பில்லியன் டொலர். அது எங்கே? போன ஓகஸ்ட் 14இல் ஜில்பெர் மிராம்போ என்ற திரைப்படக்காரர், கண்ணைக் கட்டிக்கொண்டு, "பெட்ரோகரிபே காசு எங்கே?" என்று எழுதிய மட்டையைப் பிடித்தபடி ஒரு படத்தை ருவிற்றரில் போட்டார். ஒரே ஒரு படம். ஒக்டோபர் 17 அன்று அந்தக் கேள்வியோடு நாடெங்கும் ஊர்வலம் போனது. இப்போது வந்த அறிக்கையில் ஜனாதிபதி ஜொவெனல் மொய்ஸ் முன்பு தலைமை வகித்த நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது.

இன்று சந்தையில் மீன் விற்கும் பெண் ஒருவர் என் கமராவைக் கண்டதும் கூடையின் மூடியால் முகத்தை மறைத்தார். "எங்கள் முகத்தை விற்று நீங்கள் வீடு கட்டுகிறீர்கள், எங்களுக்கு என்ன கிடைத்தது?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இந்தக் கோபம் நியாயமானது. நிலநடுக்கத்துக்குப் பிறகு இவர்களின் இறந்த உடல்களைக்கூடக் கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கமராவைப் பையில் வைத்துவிட்டு மீன் மட்டும் வாங்கினோம். கேட்டு, சம்மதம் வாங்கி எடுத்த படங்களை மட்டுமே இங்கே போடுகிறேன்.

மத்தியானம் கஜு போட்டுக் காய்ச்சிய கோழிக்குழம்பு, வடபகுதிச் சமையல். வழிக்கு மரவள்ளி மாவில் சுட்ட 'கசாவ்' தட்டையும், மிளகாய் சேர்த்து அரைத்த கச்சான் விழுதும் கட்டிக்கொண்டோம். உறைப்பு எங்கள் நாக்குக்குக் காணும்.

பெப்ரவரி 4, திங்கள். பொன்-சொண்டே, ஆர்த்திபொனிட் பள்ளத்தாக்கு

லிம்பே, பிளெசன்ஸ் வழியாக மலை இறங்கி, கொனாயீவைத் தாண்டி, கள்ளிச் செடிகள் மட்டும் நிற்கும் வறண்ட வெளியைக் கடந்தால் திடீரென்று பச்சை. வாய்க்கால், வரப்பு, கொக்கு. நாற்றுமுடியை முழங்கால் சேற்றில் நின்று நடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து வயலைக் கண்டதும் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டேன்.

பொன்-சொண்டே சந்தை இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லுக்கு வாசல். நாட்டின் உணவுப் பொருளை ஊருக்கு ஊர் கொண்டுபோகும் பெண் வியாபாரிகளை 'மதான் சாரா' என்பார்கள். லொறியின் உச்சியில், மூட்டைகளுக்கு மேல் நித்திரை கொண்டபடி தலைநகருக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். அரிசி அளப்பது 'மாமிட்' என்ற பெரிய தகரப்பேணியால். எங்கள் ஊரில் சுண்டு வைத்து அளப்போமே, அதே பழக்கம், பேணி மட்டும் பெரிது. நான் படமெடுத்த அம்மா பேணியை அரிசிக் குவியலுக்குள் சாய்த்து அமுக்குகிறார், தூக்கும்போது கோபுரமாக நிற்கிறது, உள்ளங்கையால் விளிம்பைச் சுற்றிக் குவிக்கிறார், ஒரு மணி சிந்தாமல் வாங்குபவரின் பையில் கவிழ்க்கிறார். பிறகு கேட்காமலே ஒரு பிடி கூடப் போடுகிறார். அந்தப் பிடி இல்லாவிட்டால் அடுத்த முறை ஆள் வராது. கமராவை அந்தக் கையின் உயரத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

அவருக்கு இரண்டு பக்கமும் அடுக்கியிருப்பது அமெரிக்க அரிசி மூட்டைகள். 'மியாமி அரிசி' என்று பெயர். வெள்ளை வெளேரென்று, நீளமாக, விலை குறைவாக. 1980கள் வரை ஹெயிட்டி தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதியைத் தானே விளைத்தது. 1995இல் இறக்குமதித் தீர்வையை 3 சதவீதத்துக்கு வெட்ட வைத்தார்கள். மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. 2010 மார்ச்சில் பில் கிளின்ரன் அமெரிக்கச் செனட் குழுவின் முன் இருந்து, அந்தக் கொள்கை தன் ஆர்க்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்கு நன்மையாக இருந்திருக்கலாம், ஹெயிட்டிக்குத் தவறாகப் போனது என்று ஒப்புக்கொண்டார். தீர்வை பழைய நிலைக்குப் போகவில்லை.

"வீட்டில் எந்த அரிசி சமைப்பீர்கள்?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். மியாமி மூட்டையைக் கையால் தட்டிக் காட்டினார். "நான் விளைத்ததை நான் சாப்பிட்டால் பள்ளிக்கூடக் காசு யார் கட்டுவது?"

இந்தப் பயணத்தின் முக்கியமான படம் இதுதான் என்று எனக்கு இப்போதே தெரியும். சொந்த அரிசியை விற்று அந்நிய அரிசி வாங்கும் கை.

பெப்ரவரி 5, செவ்வாய். அதே இடம்

வாய்க்கால் தண்ணீர் எல்லாம் ஆர்த்திபொனிட் ஆற்றிலிருந்து வருகிறது. 2010 ஒக்டோபரில் மேலே மிர்பலே பக்கம் இருந்த ஐ.நா. படைமுகாமின் கழிவு கிளையாற்றில் கலந்து, காலரா இந்த ஆற்றோடு இறங்கியது. நேபாளத்திலிருந்து வந்த படையினர் கொண்டுவந்த கிருமி. ஏறத்தாழ 10,000 பேர் செத்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். அந்தத் தண்ணீரில்தான் இன்றும் நின்று நடுகிறார்கள். வேறு தண்ணீர் இல்லை.

வரப்பில் ஒரு முதியவர் என்னிடம், "எந்த ஊர், மகனே?" என்றார். மொன்றியல் என்றேன். "பிறந்தது?" இலங்கை என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியும். ஐ.நா. தொப்பியோடு இங்கே வந்த இலங்கைப் படையினர் நூறு பேருக்கு மேல் 2007இல் பாலியல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கைவைத்தது சிறுபிள்ளைகள் மேல். அதே படையின் சோதனைச்சாவடிகளில் பயந்து பயந்து நின்று வளர்ந்தவன் நான், ஐயா என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தன் தண்ணீர்க் குடுவையை நீட்டினார். அவரைப் படம் எடுக்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

பெப்ரவரி 6, புதன். போர்ட்-ஓ-பிரின்ஸ்

தலைநகருக்குள் நுழையவே பாதி நாள் போனது. பெத்தியோன்-வில் மேட்டில் தங்குகிறோம். எதிரே ஜலுசி குடியிருப்பு: மலைச்சரிவு முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாக வீடுகள், நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள். 2013இல் அரசு பூசிய வர்ணம். பார்க்க அழகு, சந்தேகமில்லை. கூட வரும் படப்பிடிப்பாளர் நண்பர் என்னைச் சரிவின் உள்ளே கூட்டிப்போனார். ஹோட்டல்களைப் பார்த்த சுவர்களுக்கு வர்ணம். மற்றச் சுவர்கள் வெறும் சீமெந்துக்கல். தண்ணீர் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏறுகிறார்கள். நான் வர்ணமில்லாத பக்கம் நின்று, இடுக்கு வழியாகத் தெரியும் ஹோட்டல் நீச்சல்குளத்தையும் சேர்த்து ஒரே சட்டத்துக்குள் எடுத்தேன்.

நாளைக்கு ஊர்வலம். கடைகளில் சனம் தண்ணீரும் மெழுகுதிரியும் வாங்குகிறது.

பெப்ரவரி 7, வியாழன். டெல்மா வீதி

இந்தத் தேதி சும்மா தேர்ந்தெடுத்ததில்லை. 1986இல் இதே நாளில்தான் சர்வாதிகாரி ஜான்-குளோட் துவாலியே நாட்டை விட்டு ஓடினார். மொய்ஸ் பதவியேற்று இன்றோடு இரண்டு வருடம்.

காலையில் மோட்டார் சைக்கிள்கள் முன்னால், கைப்பிடியில் பச்சைக் கிளை கட்டிக்கொண்டு. பின்னால் மூங்கில் குழலும் தகரக் கொம்பும் ஊதும் ரரா வாத்தியக்காரர். அதற்குப் பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் சனம். மாணவர்கள், மேசன்மார், அலுவலகச் சட்டை போட்டவர்கள், வயதான பெண்கள். மட்டைகளில் அதே கேள்வி: காசு எங்கே? முதல் மணித்தியாலங்களில் பாட்டும் ஆட்டமும்தான். ஒரு பெண் காலி மாமிட் பேணியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு போனார். அவரோடு சேர்ந்து அரைக் கிலோமீற்றராவது ஓடியிருப்பேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கல்லும் கண்ணீர்ப்புகையும். ரயர்கள் எரிந்தன. எங்கிருந்தோ வெடிச்சத்தம், எல்லாரும் ஒரே பக்கம் ஓட, நண்பர் என் பையைப் பிடித்து ஒரு இரும்புக் கதவின் பின்னால் இழுத்தார். அந்த வீட்டு அக்கா எலுமிச்சம்பழத்தை வெட்டி மூக்கில் பிடிக்கச் சொன்னார். கதவின் சல்லடை வழியாகப் புகைக்குள் ஓடும் கால்களை எடுத்தேன். முகம் தெரியும் படங்களும் இருக்கின்றன. அவற்றை இங்கே போட மாட்டேன். யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். ஒரு முகத்தை வைத்து ஆளைத் தேடி இரவில் வருவார்கள் என்பது இங்கே வெறும் பயமில்லை. படப்பிடிப்பாளர் விளாட்ஜிமிர் லெகாஞ்சர் போன மார்ச் 14இல் கிராண் ராவின் பகுதிக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. என் நண்பர் அவரைத் தெரிந்தவர். அவரைப் பற்றிக் கதைக்கும்போது நண்பர் பெயரை முழுதாக, மெதுவாகச் சொல்வார்.

பெப்ரவரி 10, ஞாயிறு

நாடு பூட்டிக் கிடக்கிறது. தடுப்பு இல்லாத சந்தி இல்லை. எங்கள் சந்தியில் இருப்பவை: எரிந்த காரின் கூடு, கட்டில் சட்டம், குளிர்சாதனப் பெட்டியின் கதவு, வெட்டிய மாங்கொம்பு, கல். காவலுக்கு நிற்கும் பொடியன்கள் முதல் நாள் என்னைத் துரத்தினார்கள். இன்று வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஒருவன் மேசன் வேலைக்காரன், வேலை இல்லை. இன்னொருவன் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதியவன். அவன் கணக்காய்வு அறிக்கையைத் தொலைபேசியில் இறக்கி வைத்திருந்தான். வீதித் திட்டம் ஒன்றின் பக்கத்தைத் திறந்து, "இந்த வீதியை எனக்குக் காட்டுங்கள்" என்றான். கர்ப்பிணி ஒருவர் வந்ததும் இருவரும் எழுந்து குளிர்சாதனக் கதவை நகர்த்தி வழிவிட்டார்கள். அதை எடுக்கட்டுமா என்று கேட்டேன், முதுகுப் பக்கம் மட்டும் என்றார்கள்.

கமரா பற்றரி ஏற்ற வழியில்லை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் இரவில் ஒரு மணித்தியாலம் ஓடும், டீசல் முடியும் வரை.

பெப்ரவரி 15, வெள்ளி

நேற்று ஜனாதிபதி ஒருவழியாகப் பேசினார். நாட்டை ஆயுதக் கும்பல்களிடமும் போதைக் கடத்தல்காரர்களிடமும் கொடுத்துவிட்டுப் போக மாட்டேன் என்றார். பேச்சு முடிய முன்னமே சந்தியிலிருந்து கூச்சல் எழுந்தது. பெட்ரோகரிபே காசு பற்றி அவர் என்ன சொல்வார் என்றுதான் சனம் காத்திருந்தது.

மொன்றியலிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. எல்லாரும் கேட்பது கடற்கரை ஹோட்டலில் மாட்டிக்கொண்ட கியூபெக் உல்லாசப் பயணிகளைப் பற்றி. அவர்கள் பத்திரமாக வரட்டும். ஆனால் இந்த ஒரு வாரம் மலையிலிருந்து மரக்கறி இறங்கவில்லை, ஆர்த்திபொனிட் லொறி வரவில்லை, தண்ணீர் வண்டி வரவில்லை. அதைக் கேட்க ஆளில்லை. விடிகாலையில் ஒளித்து மறைத்துக் கூடுகிற சின்னச் சந்தையில் மாமிட் விலை ஏறிவிட்டது. பேணியின் மேல் கோபுரம் நிற்பதில்லை, விளிம்போடு வழித்துவிடுகிறார்கள்.

ஒரு செய்தி நிறுவனம் தீப்படங்கள் கேட்டது. தனியாகத் தர மாட்டேன், ஐந்தும் ஒன்றாகத்தான் என்று எழுதினேன்: விளக்கு, கரி சுடும் சரிவு, அரிசி அளக்கும் கை, ஜலுசியின் பின்சுவர், கடைசியில் தடுப்பு. ஒவ்வொன்றின் கீழும் ஆண்டும் எண்ணும் போட்டுக் குறிப்பு. இரண்டு நாள் இழுபட்டு, இன்று ஏற்றுக்கொண்டார்கள். விளக்கின் கீழே 51 சதவீதம் என்ற வரியை எடுக்கக் கூடாது என்று திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

ஜக்மெலில் காகிதக்கூழ் முகமூடி செய்பவர்கள் கார்னிவலுக்காக இப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்களாம். நண்பரின் மச்சான் தொலைபேசியில் சொன்னார். லெயோகான் வரை வீதி திறந்தால் திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளில் போகிறோம். பெற்றோலுக்கு இரண்டு கலன் சொல்லி வைத்திருக்கிறோம்.